சிம்ப்சன் விதி

சிம்ப்சன் விதி என்பது வரையறுத்த தொகையீட்டின் மதிப்பைத் தோராயமாகக் கணக்கிடும் எண்ணியல் முறை. பிரதியிடல், பகுதித் தொகையிடல் போன்ற வழிகள் சார்பின் சூத்திரம் தெரிந்தால்தான் பயன்படும். களத்திலோ பெரும்பாலும் அளவீடுகள் மட்டுமே கிடைக்கும்.

தறி நெய்தபடி தானே கணிதம் கற்ற ஆங்கிலேயர் தாமஸ் சிம்ப்சனின் (1710–1761) பெயரை இது தாங்கினாலும், முந்தியவர் வானியலாளர் கெப்ளர். 1613இல் தன் திருமணத்துக்கு வாங்கிய மதுப்பீப்பாய்களை வணிகர் ஒரே கோலை நுழைத்து அளந்த விதம் அவருக்கு ஐயத்தைக் கிளப்ப, 1615இல் பீப்பாய்க் கொள்ளளவு குறித்து நூலே வெளியிட்டார். ஜெர்மனியில் இன்றும் இது கெப்ளரின் பீப்பாய் விதிதான்.

வளைவரையை இரட்டைப்படை எண்ணிக்கையில் சம இடைவெளிகளாகப் பிரித்து, அடுத்தடுத்த மூன்று புள்ளிகள் வழியே ஒரு பரவளையம் வரைவதே இதன் உத்தி. முதல் மதிப்பின் இடத்தை 0 என எண்ணி, முதல், கடைசி மதிப்புகளுடன் ஒற்றை இடத்து மதிப்புகளின் 4 மடங்கையும், இடையிலுள்ள இரட்டை இடத்து மதிப்புகளின் 2 மடங்கையும் கூட்டி, இடைவெளியின் மூன்றிலொரு பங்கால் பெருக்க வேண்டும்.

12 மீட்டர் அகலமுள்ள ஓர் ஆற்றில் 3 மீட்டருக்கு ஒருமுறை எடுத்த ஆழங்கள் 0, 1.5, 2, 1.2, 0 மீட்டர் என்று கொள்வோம். சிம்ப்சன் விதிப்படி குறுக்குவெட்டுப் பரப்பு 14.8 சதுர மீட்டர். புள்ளிகளை நேர்கோடுகளால் இணைக்கும் சரிவக விதி 14.1 என்கிறது. இப்பரப்பை நீரின் சராசரி வேகத்தால் பெருக்கினால் நொடிக்கு ஓடும் நீரின் அளவு கிடைக்கும். கப்பலின் நீரில் மூழ்கிய பகுதியின் கன அளவு, சாலைப் பணியின் மண்வேலைக் கணக்கு ஆகியவற்றிலும் இவ்விதி பழக்கத்தில் உள்ளது.

முப்படிப் பல்லுறுப்புக் கோவை வரை விடை துல்லியமாகவே வருவது சற்று வியப்பானது, பரவளையம் இருபடிதானே! ஆனால் கூர்முனையோ திடீர்த் தாவலோ உள்ள வளைவரைகளில் இந்தத் துல்லியத்தை எதிர்பார்க்கக் கூடாது.