பதில் சொல்பவரின் கையில் அதிகாரம்: சமூக ஊடக நெருக்கடிகளை நிறுவனங்கள் எதிர்கொண்ட வரலாறு, 1982–2021

சமூக ஊடகத்தில் ஒரு நிறுவனத்தின் மீது கோபம் மூண்டால் எத்தனை மணி நேரத்துக்குள் பதில் தர வேண்டும் என்ற கேள்விதான் பொதுவாக முதலில் எழுகிறது. நாற்பது ஆண்டு நிகழ்வுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், வேகம் பற்றிய அந்தக் கேள்வி போதாது என்று தெரிகிறது. விரைந்து பேசிச் சறுக்கிய நிறுவனங்கள் உண்டு. தாமதமாகப் பேசியும் மீண்டவை உண்டு. பதில் சொல்ல அமர்த்தப்பட்டவருக்குக் குறையைச் சரிசெய்யும் அதிகாரம் இருந்ததா என்பதே பெரும்பாலும் முடிவைத் தீர்மானித்தது என்பது இக்கட்டுரையின் வாதம்.

நெருக்கடி மேலாண்மையின் முன்மாதிரியாக இன்றும் காட்டப்படுவது, சமூக ஊடகங்கள் பிறப்பதற்கு முன் நடந்த ஒரு நிகழ்ச்சி. 1982 செப்டம்பர் இறுதியில் சிகாகோ வட்டாரத்தில் சயனைடு கலக்கப்பட்ட டைலெனால் என்ற வலிநிவாரணி மாத்திரைகளை விழுங்கி 7 பேர் இறந்தனர். அந்த மருந்தை விற்ற ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் சுமார் 3.1 கோடி புட்டிகளைத் திரும்பப் பெற்றது. செலவு 10 கோடி டாலரைத் தாண்டியது. யாராவது பிரித்திருந்தால் உடனே தெரிந்துவிடும் புதிய உறையுடன் அதே ஆண்டிலேயே மருந்து கடைகளுக்குத் திரும்பியது. நிறுவனத் தலைவர் ஜேம்ஸ் பர்க் ஒளிவுமறைவின்றிப் பேசினார் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். அவர் பேசியதைச் செய்துகாட்டும் அதிகாரமும் அவரிடமே இருந்தது என்பது அதே அளவுக்கு முக்கியம். மக்களின் அச்சம் செய்தித்தாள், தொலைக்காட்சி ஆகியவற்றின் வழியாகவே நிறுவனத்தை எட்டிய காலம் அது. உயர்மட்டத்தில் ஒருவர் முடிவெடுத்துப் பேசினால் போதுமானதாக இருந்தது.

1990களில் உருவான கோட்பாடுகளில் இந்தச் சூழலின் தடம் தெரிகிறது. வில்லியம் பெனாயிட் 1995இல் வெளியிட்ட நூல், நற்பெயர் கெட்ட பிறகு நிறுவனங்கள் கையாளும் சொல்வழிகளை வகைப்படுத்தியது: மறுத்தல், பொறுப்பைத் தட்டிக்கழித்தல், பாதிப்பைச் சிறிதாகக் காட்டுதல், திருத்திக்கொள்ளுதல், மன்னிப்புக் கோருதல். டிமோதி கூம்ப்ஸ் வளர்த்தெடுத்த சூழல்சார் கோட்பாடு, நடந்ததற்கு நிறுவனம் எந்த அளவு பொறுப்பு என்று மக்கள் கருதுகிறார்களோ அதற்கேற்பப் பதில் அமைய வேண்டும் என்றது. இரண்டும் பயனுள்ளவை. ஆனால் இரண்டிலும் ‘நிறுவனம்’ ஒரே குரலில் பேசும் ஒரே ஆளாக வருகிறது. அடுத்த பத்தாண்டு அந்த எண்ணத்தையே கலைத்துவிட்டது.

2005 ஜூனில் அமெரிக்க இதழாளர் ஜெஃப் ஜார்விஸ், தான் வாங்கிய டெல் மடிக்கணினி பழுதானதையும் வீட்டுக்கே வந்து பழுதுபார்ப்பதாகத் தந்த வாக்குறுதி பொய்த்ததையும் தன் வலைப்பூவில் எழுதத் தொடங்கினார். அதே அவதியைப் பட்டவர்கள் அங்கே திரண்டனர். டெல் அப்போது வாய் திறக்கவில்லை. அடுத்த ஆண்டு ஒசாகாவில் ஒரு டெல் மடிக்கணினி தீப்பற்றிய படங்கள் இணையத்தில் பரவின. 2006 ஆகஸ்டில் நிறுவனம் 41 லட்சம் மின்கலங்களைத் திரும்பப் பெற்றது. தீப்பற்றிய செய்திக்கும் இந்தத் திரும்பப் பெறுதலுக்கும் இடையில், 2006 ஜூலையில், டெல் சொந்த வலைப்பூவைத் தொடங்கி, தீப்பற்றிய கணினியைப் பற்றி அதிலேயே பேசியது. 2007இல் வாடிக்கையாளர் யோசனைகளுக்கென ஒரு தளத்தையும், 2010 டிசம்பரில் இணையப் பேச்சைத் தொடர்ந்து கவனிக்கும் மையத்தையும் அமைத்தது. தாமதமாக விழித்தாலும் விழித்த பிறகு டெல் அமைப்பையே மாற்றியது. ஆய்வாளர்கள் டெல்லுக்கு இதற்குரிய மதிப்பைத் தர வேண்டும்.

2009இன் இரண்டு நிகழ்வுகள் இரு வேறு பாடங்களைத் தந்தன. ஏப்ரலில் வட கரோலினாவின் கோனோவர் நகரில் டோமினோஸ் ஊழியர்கள் இருவர் உணவை அசிங்கப்படுத்துவதுபோல் எடுத்த காணொளி, சில நாள்களில் பத்து லட்சம் பார்வைகளைத் தாண்டியது. தானாக அடங்கிவிடும் என்று முதலில் காத்திருந்த நிறுவனம், பிறகு அமெரிக்கப் பிரிவின் தலைவர் பேட்ரிக் டாய்லை யூடியூபிலேயே மன்னிப்புக் கேட்க வைத்தது. புகார் எழுந்த இடத்திலேயே பதிலும் வர வேண்டும் என்ற நடைமுறை இதன் பின் வேரூன்றியது.

ஜூலையில் வந்தது இசைக்கலைஞர் டேவ் கேரலின் பாடல். 2008இல் யுனைடெட் ஏர்லைன்ஸ் பயணத்தில் அவருடைய கிதார் உடைந்தது. பழுது நீக்க 1,200 டாலர் செலவானது. மாதக்கணக்கில் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு அனுப்பப்பட்ட பின், 24 மணி நேரத்துக்குள் முறையாகக் கோரவில்லை என்று இழப்பீடு மறுக்கப்பட்டது. அந்த அனுபவமே பாடலானது. வழியில் அவர் சந்தித்த ஊழியர்கள் எல்லோரும் விதியைச் சொல்லவே அனுமதிக்கப்பட்டவர்கள். உண்மையில் அந்த நெருக்கடி பாடல் வெளியான நாளுக்குப் பல மாதங்கள் முன்பே, யாரும் பார்க்காத கோப்புகளில் உருவாகிவிட்டது.

2010 மார்ச் 17 அன்று, நெஸ்லே தன் கிட்கேட்டுக்குப் பயன்படுத்தும் பாமாயில் இந்தோனேசியக் காடுகளை அழிக்கிறது என்று கிரீன்பீஸ் ஒரு காணொளி வெளியிட்டது. பதிப்புரிமையைக் காட்டி நெஸ்லே அதை யூடியூபிலிருந்து நீக்க வைத்தது. காணொளி வேறு தளங்களில் இன்னும் வேகமாகப் பரவியது. முகநூல் பக்கத்தை நடத்தியவர், நிறுவனத்தின் சின்னத்தைத் திரித்துத் தங்கள் படமாக வைத்து வருவோரின் பதிவுகளை நீக்குவோம் என்று எச்சரித்து வாசகர்களோடு வாக்குவாதத்தில் இறங்கினார்; பிறகு மன்னிப்புக் கேட்க வேண்டிவந்தது. பதில்கள் உடனுக்குடன்தான் வந்தன. ஆனால் கேள்வி காட்டைப் பற்றியது. பக்கத்தை நடத்தியவரால் ஒரு மரத்தைக்கூடக் காப்பாற்ற முடியாது. கொள்முதல் முறையை மாற்றும் ஒப்பந்தத்தை நெஸ்லே மே மாதத்தில் அறிவித்தபோதுதான் போராட்டம் தணிந்தது.

இத்தகைய அனுபவங்களைத் தொகுத்து கூம்ப்ஸும் ஷெர்ரி ஹாலடேயும் 2012இல் முன்வைத்த கருத்து மிக முக்கியமானது. ஒரு காலத்தில் அறைக்குள் நடந்த நெருக்கடித் தடுப்புப் பணி இப்போது எல்லோர் கண்ணெதிரிலும் நடக்கிறது என்றார்கள் அவர்கள். புகார் இன்னும் நெருக்கடியாக முற்றவில்லை. ஆனாலும் அதை எதிர்கொள்ளும் விதத்தை ஊரே பார்க்கிறது. தடுத்தலையும் கையாளுதலையும் இரண்டு தனித்தனிக் கட்டங்களாக வரையும் கையேடுகளை இந்தக் கருத்தின் வெளிச்சத்தில் திருத்தி எழுத வேண்டும்.

கையேடு எழுதுவோர் பார்க்க வேண்டிய நிகழ்வு 2017 ஏப்ரல் 9இல் நடந்தது. சிகாகோவிலிருந்து லூயிவில் செல்லவிருந்த யுனைடெட் விமானத்தில் நிறுவனத்தின் பணியாளர் நால்வருக்கு இடம் தேவைப்பட்டது. பணம் தருவதாகச் சொல்லியும் போதுமானவர்கள் இறங்க முன்வரவில்லை. ஏறி அமர்ந்திருந்த 69 வயது மருத்துவர் ஒருவரைப் பாதுகாவலர்கள் இழுத்துச் சென்றனர். அவர் மூக்கு உடைந்தது, இரண்டு பற்கள் போயின. மறுநாளே தலைமைச் செயல் அலுவலர் ஆஸ்கர் முனோஸ் அறிக்கை விட்டார். அது பயணிகளுக்கு மாற்று இடம் தர நேர்ந்ததற்கான வருத்தமாக மட்டும் இருந்தது. ஊழியர்களுக்கு அவர் எழுதிய கடிதமோ அடிபட்டவர் மீதே குறை சொன்னது. முழு மன்னிப்பு 11ஆம் தேதிதான் வந்தது. மாத இறுதியில் அறிவித்த மாற்றங்களே உண்மையான பதில்: இடத்தை விட்டுத்தருவோருக்கு 10,000 டாலர் வரை தரலாம், விமானப் பணியாளர்கள் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பே இடம் பெற்றிருக்க வேண்டும், சிக்கலை அங்கேயே தீர்க்க ஊழியர்களுக்கு அதிகாரம். அந்த மாலையில் வாயிலில் நின்ற ஊழியரிடம் இவை இருந்திருந்தால் அந்த மருத்துவர் வீடு போய்ச் சேர்ந்திருப்பார்.

தமிழ்நாட்டில் இதே சிக்கல் மொழியின் வடிவில் வந்தது. 2021 அக்டோபரில் கேட்ட உணவில் ஒன்று வராத வாடிக்கையாளர் ஒருவர் உணவு விநியோக நிறுவனமான ஸொமேட்டோவிடம் பணத்தைத் திரும்பக் கேட்டார். உணவகத்துடன் பேச மொழி தடையாக இருக்கிறது என்றார் சேவைப் பணியாளர். அப்படியானால் தமிழ் தெரிந்தவரை அமர்த்துங்கள் என்றதற்கு, இந்தி தேசிய மொழி, கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும் என்று பதில் வந்தது. அரசியலமைப்புச் சட்டம் எந்த மொழியையும் தேசிய மொழியாகச் சொல்லவில்லை. உரையாடல் ட்விட்டரில் வெளியானதும் புறக்கணிப்பு முழக்கம் எழுந்தது. மறுநாளே தமிழிலும் ஆங்கிலத்திலும் மன்னிப்பு அறிக்கை வெளியிட்ட நிறுவனம், பணியாளரை நீக்கியதாகவும் அறிவித்தது. சில மணி நேரத்தில் நிறுவனர் தீபிந்தர் கோயல் அவரை மீண்டும் பணியில் சேர்ப்பதாக எழுதி, நாட்டில் சகிப்புத்தன்மை இன்னும் வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டார்.

மீண்டும் சேர்த்தது நியாயமே. தமிழே தெரியாத ஒருவரைத் தமிழ்நாட்டுப் புகாருக்குப் பதில் சொல்ல உட்கார வைத்தது அவருடைய தவறல்ல. ஆனால் பாதிக்கப்பட்டவர்களுக்குச் சகிப்புத்தன்மையைப் பரிந்துரைத்த அந்த ஒரு வரி, மன்னிப்பின் மதிப்பைப் பெருமளவு குறைத்துவிட்டது. கோயம்புத்தூரில் தமிழ்ச் சேவை மையம் அமைத்து வருகிறோம் என்று நிறுவனத்தின் மன்னிப்பு அறிக்கையிலேயே ஒரு செய்தி இருந்தது. தடுப்பு என்று சொல்லத்தக்கது அது ஒன்றுதான். நாடாளுமன்ற உறுப்பினர் கனிமொழி அப்போதே, வாடிக்கையாளர் பேசும் மொழியில் சேவை தருவதை நிறுவனங்களுக்குக் கட்டாயமாக்க வேண்டும் என்று கேட்டார். அந்தக் கோரிக்கை நிறைவேறுமானால், தமிழில் பதில் சொல்ல ஆள் வைப்பதா என்ற முடிவு விளம்பரப் பிரிவின் கையை விட்டுச் சட்டத்தின் கைக்குப் போகும்.