நம்பர் நம்முடையதான கதை

செல்போன் கட்டணம் குறைந்ததற்கும் வாடிக்கையாளர் கை ஓங்கியதற்கும் கம்பெனிகளின் போட்டியே காரணம் என்பார்கள். பாதிதான் உண்மை. 1995-ல் சென்னையில் ஸ்கைசெல், ஆர்பிஜி என்று இரண்டு கம்பெனிகள் இருந்தன. ஆனாலும் வருகிற அழைப்புக்கும் காசு வாங்கினார்கள். அந்த வழக்கம் 2003-ல் ஒழிந்தது, அழைப்பவரே கட்டணம் செலுத்த வேண்டும் என்ற விதி வந்ததால். அதன் பின்னும் கடை போர்டிலும் கல்யாணப் பத்திரிகையிலும் அச்சான பத்து இலக்கம் ஆளைக் கட்டிப்போட்டது. சிக்னல் எவ்வளவு மோசமானாலும் நம்பரை விட மனம் வராது. 2011 ஜனவரி 20-ல் நம்பரை மாற்றாமல் கம்பெனி மாறும் வசதி நாடெங்கும் வந்தபோதுதான் அந்தக் கட்டு அவிழ்ந்தது.

அதற்கு முன்பே, 2009-ல் டாடா டொகோமோ நொடிக்கு ஒரு பைசா என்று அறிவித்து மற்றவர்களையும் விலையில் இறங்க வைத்ததே என்று கேட்கலாம். நியாயம்தான், விலையைப் போட்டி இறக்கியது. ஆனால் விலை குறைவது வேறு, விட்டு விலக முடிவது வேறு. 2018 பிப்ரவரியில் ஏர்செல் தமிழ்நாட்டில் முடங்கியபோது அந்த வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. 1900-க்குக் குறுஞ்செய்தி அனுப்பி, கம்பெனி மாறத் தேவையான போர்ட் கோடு வாங்கக்கூட சிக்னல் இல்லாமல் ஜனங்கள் திண்டாடினார்கள். இருந்தும் கோடு கிடைத்தவர்கள் வேறு கம்பெனிக்குப் போனார்கள், பழைய நம்பரோடு.