நான்காமவர் யார்? - திம்புள்ளத் தோட்டங்களின் வைத்திய வரலாறு பற்றி ஒரு நோக்கு

வள்ளுவர் மருத்துவத்தை நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து துணைபுரிவோன் என நான்கு கூறாக வகுத்தார். நான்காமவனின் கடமை மருந்து கொடுப்பதோடு முடிவதன்று. பேச இயலாத நோயாளிக்காகப் பேசுதலும் அதனுள் அடங்கும். திம்புள்ளப் பெருந்தோட்டங்களில் அவ்விடத்தை வகித்தவர் யாவர் என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் பலர் நடைவழியிலும் லயங்களிலும் நோயுற்று மடிந்தனர். 1872 இல் தோட்டப் பகுதிகளுக்கென வைத்தியத் தேவைகள் சட்டம் இயற்றப்பட்டது. தேயிலை வேரூன்றிய பின்னர், 1912 இல் அது புதுக்கப்பட்டதோடு, தொழிலாளரின் நோய்கள் பற்றிய தனிச் சட்டமும் எழுந்தது. லயங்களைச் சுகாதாரமாகப் பேணுதலும், கடும் நோய் கண்டவிடத்து மாவட்ட வைத்திய அதிகாரிக்கு அறிவித்தலும் தோட்டத் துரையின் பொறுப்பாயின.

இச்சட்டங்களால் நன்மை விளைந்தமை மறுப்பதற்கில்லை. ஆயினும் உழைப்பைப் பெறுபவரே நோயை அறிவிப்பவருமானார் என்பது நோக்கற்பாலது. நோயாளி லயத்திற் கிடந்தால் அவனுக்கு அன்றைய பேர் இல்லை; துரைக்கு அன்றைய கொழுந்து இல்லை. இவ்விரு நட்டங்களுக்கிடையே நோயாளியின் குரல் கங்காணி, கணக்கப்பிள்ளை எனப் படிப்படியாகத் தேய்ந்தே துரையின் செவியை எட்டியது. நான்காமவரின் ஆசனத்தில் சட்டம் அமர்த்தியது முதலாளியின் பிரதிநிதியையே எனலாம்.

தோட்டங்களுள் வெளியார் நுழைதல் அத்துமீறலாகக் கருதப்பட்ட அக்காலத்தில், கோ. நடேசய்யர் 1931 இல் அட்டனைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். அவர்தம் துணைவியார் மீனாட்சியம்மாள் பாட்டாலும் பேச்சாலும் தொழிலாளரை விழிப்புறச் செய்தார். சங்கம் வைத்தியத்துக்கென எழுந்ததன்று. எனினும், துரையைச் சாராத ஒருவர் தொழிலாளிக்காக வாதாடலாம் என்னும் உண்மை அன்று நிலைநாட்டப்பட்டது. நோயாளிக்காகப் பரிந்து பேசும் மரபின் வித்தை இங்கே காண்கிறோம்.

1975 இல் கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் நிர்வாகம் மீண்டும் கம்பெனிகளிடம் சென்றது. 2017 இல் திக்கோயாவில் இந்திய உதவியுடன் அமைந்த புதிய வைத்தியசாலை திறக்கப்பட்டது. கட்டடம் வேண்டற்பாலதே, ஆனால் கட்டடம் பேசாது. தன் மொழியில் நோயைக் கூறவும், சிகிச்சையை வினவவும், மறுக்கவும் நோயாளிக்குள்ள உரிமையைக் காப்பவர் மனிதரே.

ஆதலின், வைத்தியராகவும் தாதியராகவும் செல்லவிருப்போர் உடற்கூற்றியலோடு இவ்வரலாற்றையும் கற்றல் வேண்டும். நோயாளியின் பக்கத்தில் நிற்பவர் யாருடைய சம்பளத்தில் நிற்கிறார் என்னும் வினா 1912 உடன் முடிந்துவிடவில்லை.