உட்கூரையில் தொங்கிய ஒலிப்பெட்டிகள்

கேட்பவரைச் சுற்றி நாற்புறமிருந்தும் ஒலி வரவேண்டும் என்னும் எண்ணத்தை முதலில் பெரிய அளவில் செயற்படுத்தியது திரையரங்கமே. 1940ஆம் ஆண்டு நியூயார்க்கின் பிராட்வே அரங்கில் வெளியான வால்ட் டிஸ்னியின் ‘ஃபேண்டேசியா’ படத்துக்காக ‘ஃபேண்டசவுண்ட்’ என்ற பல்தட ஒலிமுறை அமைக்கப்பட்டது. 1952இல் சினிராமாவும் 1953இல் ‘தி ரோப்’ படத்துடன் வந்த சினிமாஸ்கோப்பும் அதே வழியில் சென்றன. செங்கற்சுவரும் எஃகு உத்தரமும் கொண்ட அரங்குகளுக்கு ஒலிபெருக்கியின் எடை ஒரு பொருட்டாக இருக்கவில்லை. அந்த ஒலி அமெரிக்க நடுத்தர வீட்டுக்குள் நுழைந்தபோதுதான், பெட்டியை எங்கே வைப்பது, எதில் மாட்டுவது என்ற கேள்வி எழுந்தது.

1946இல் அறிமுகமான ‘கிளிப்ஷ்ஹார்ன்’ அறையின் மூலையில் அலமாரி அளவுக்கு நின்ற ஒலிபெருக்கி. அதைத் தூக்கி மாட்ட எவரும் நினைத்திருக்க முடியாது. 1954இல் எட்கர் வில்ச்சர், அடைத்த பெட்டிக்குள் இருக்கும் காற்றையே சுருள்வில்லாகப் பயன்படுத்தும் முறையைக் கொண்டுவந்தபின், சிறிய பெட்டியிலிருந்தும் ஆழ்ந்த தாழ்சுருதி கிடைத்தது. ஆயினும் பெட்டியின் பருமன் குறைந்த அளவுக்கு எடை குறையவில்லை; 1958இல் அம்முறையில் வந்த ஏ.ஆர்.-3 என்ற ஒலிபெருக்கி ஏறத்தாழ 24 கிலோ இருந்தது. 1970களின் தொடக்கத்தில், நான்கு மூலைகளிலும் ஒரே தரமான ஒலிபெருக்கியைக் கோரிய ‘குவாட்ரஃபோனிக்’ முறை விற்பனைக்கு வந்தது. ஒன்றுக்கொன்று பொருந்தாத பல வடிவங்களில் வந்து தன்னைத்தானே குழப்பிக்கொண்ட அம்முறை, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் மங்கிவிட்டது. 1987இல் பரவத் தொடங்கிய ‘டால்பி புரோ லாஜிக்’ என்ற வீட்டுச் சுற்றொலி முறை, பின்புற ஒலியை 7 கிலோஹெர்ட்ஸ் அலைவெண்ணுக்குள் அடக்கியதால், அதற்குச் சிறு பெட்டியே போதுமானதாயிற்று. 1990களின் நடுவில் வீட்டுக்கு வந்த டால்பி டிஜிட்டல், பின்புறத் தடங்களுக்கும் முழு அலைவெண் வீச்சை அளித்தது. முன்னே நிற்கும் பெட்டிக்கு இணையான பெரிய பெட்டியைப் பின்னேயும் வைக்கும் ஆசைக்கு அப்போதுதான் தொழில்நுட்ப நியாயம் கிடைத்தது. பின்புறத்திலோ சோபாவும் கதவும் இடத்தைப் பிடித்திருந்தன. ஆகவே பெட்டிகள் மேலே ஏறின.

மேலே இருந்ததோ வலுவற்ற பரப்பு. 1894இல் அகஸ்டின் சாக்கெட் காப்புரிமை பெற்ற பலகையின் வழிவந்த ஜிப்சம் பலகை, அதாவது காகித உறைகளுக்கிடையே ஜிப்சத்தை வார்த்து எடுக்கும் பலகை, இரண்டாம் உலகப் போருக்குப்பின் அமெரிக்க வீடுகளின் சுவரையும் உட்கூரையையும் பெரும்பாலும் ஆக்கிரமித்தது. அரை அங்குலத் தடிமனுள்ள அப்பலகை தன் எடையைத் தாங்குவதற்கே, வழக்கமாக 16 அங்குலத்துக்கு ஒன்றாக ஓடும் மரச்சட்டங்களை நம்பியிருக்கிறது. தமிழ்நாட்டில் கான்கிரீட் தளம் போடும்போதே விசிறிக்கும் ஊஞ்சலுக்கும் கொக்கி பதித்துவிடும் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இந்தச் சங்கடம் சற்று விநோதமாகத் தோன்றலாம்.

சுவரில் பொருள் மாட்டுவதற்கு உரிய வழி முன்பே கண்டறியப்பட்டிருந்தது. 1911ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தின் ஜான் ஜோசப் ராலிங்ஸ் சணல் நாரால் செய்த சுவர்ச்செருகியை உருவாக்கினார். ‘ராவல் பிளக்’ என இன்றும் வழங்கும் பெயர் அதிலிருந்து வந்தது. 1958இல் ஜெர்மனியின் ஆர்தர் ஃபிஷர் அதை நைலானில் செய்தார். ஆனால் சுவரில் மாட்டிய பொருள் திருகாணியைப் பெரும்பாலும் குறுக்காக அழுத்துகிறது. உட்கூரையில் மாட்டியதோ முழு எடையோடு அதைத் துளையிலிருந்து நேராகக் கீழே இழுக்கிறது. போதாக்குறைக்கு, ஒலிபெருக்கி தன் அதிர்வால் மரையையும் தளர்த்துகிறது.

இவ்விரு சிக்கல்களுக்கும் வீட்டுத் தச்சுவேலை கண்ட தீர்வுகளில் பாராட்டத்தக்கது, திருகாணியின் பிடிப்பை நம்பாமல் எடையை மரத்தின் மேல் உட்காரவைத்த முறையாகும். உட்கூரைக்கு மேலுள்ள பரணில் இரண்டு சட்டங்களின் முதுகில் குறுக்காக ஒரு கட்டையைக் கிடத்தி, அதன் வழியே மரையிட்ட இரும்புக் கம்பிகளைக் கீழே இறக்கி, அவற்றின் முனையில் தடித்த பிளைவுட் தட்டொன்றைப் பொருத்தினால், பெட்டி ஊஞ்சற்பலகையில் அமர்ந்ததுபோல அதன்மேல் அமரும். மரத்தூளை அழுத்திச் செய்த பெட்டிச்சுவர் திருகாணியை உறுதியாகப் பிடிக்காது என்பதால், பெட்டியைத் துளைக்காமல் அடியிலிருந்து ஏந்தும் இத்தட்டு பொருத்தமானது. தட்டின் பின்பக்கக் கம்பிகளைச் சற்று உயர்த்தினால் ஒலி கேட்பவரை நோக்கிச் சாயும். அப்போது பெட்டி வழுக்காதபடி முன்விளிம்பில் ஒரு தடுப்புக்கட்டை வேண்டும். மரைகளை இரட்டையாக இறுக்குவது தளர்வைத் தடுக்கும். இடையில் வைக்கும் ரப்பர் வளையம், பெட்டியின் அதிர்வு உட்கூரைக்கு ஏறி இரைவதைக் குறைக்கும். பரண் இல்லாத மாடிவீடுகளில் சட்டத்திலேயே நீண்ட திருகாணியை ஏற்றுவதைத் தவிர வேறு வழி அரிதாகவே இருந்தது.

2012இல் திரையரங்குக்கும் 2014இல் வீட்டுக்கும் வந்த டால்பி அட்மோஸ், தலைக்கு மேலிருந்தே ஒலியைக் கோரியது. அதற்காகப் பலகைக்குள் பதிக்கத்தக்க எடை குறைந்த ஒலிபெருக்கிகள் கடைகளில் கிடைக்கின்றன. பழைய கனத்த பெட்டிகளை விடமனமில்லாதவர்கள் மட்டும் இன்றும் கம்பியும் கட்டையும் தேடுகிறார்கள். நாடக மேடையில் ஒவ்வொரு விளக்குக்கும் இரண்டாவதாக ஒரு பாதுகாப்புக் கம்பிவடம் கட்டுவது வழக்கமாகிவிட்டது; வீட்டில் ஒலிபெருக்கியைத் தொங்கவிடுபவர்களும் தாங்கியோடு சேராமல், தனியாகச் சட்டத்திலேயே அப்படியொரு வடத்தைக் கட்டிவிட வேண்டும்.