வெட்சிப்பூவின் யாத்திரை

உயர்தர வகுப்பில் புறத்திணையியல் படிப்பிக்கும்போதெல்லாம், "வெட்சி என்பது ஒருவகைப் பூ, அதைச் சூடி ஆநிரை கவரச் செல்வர்" என்று சொல்லிவிட்டு அப்பாற் போய்விடுவது என் வழக்கம். ஒருநாள் பின்வாங்கிலிருந்த மாணவன் எழுந்து, "அது எப்படியான பூ, சேர்?" என்றான். விடை தெரியாமல் நின்றேன். தமிழ்ப் பட்டதாரிக்கு இது வெட்கந்தான். வீடு சென்று அகராதியைப் புரட்டியபோதே, என் வேலியோரம் கொத்துக் கொத்தாய்ச் சிவந்து நிற்கும் எக்சோராதான் வெட்சி என்பது தெரிந்தது.

நேயர்களே, 'எக்சோரா' என்பதும் நம்மிடமிருந்து போன சொல்தான். 'ஈசுவரன்' என்பதே போர்த்துக்கேயர் நாவில் அவ்வாறு திரிந்தது என்பர். முருகனுக்கு உரியதாக நாம் போற்றும் பூவுக்குத் தகப்பன் பெயர் வாய்த்தது ஒரு வேடிக்கை.

மலையாளக் கரையில் ஒல்லாந்தத் தளபதியாக இருந்த வான் றீடே, 1678 முதல் 12 தொகுதிகளாக வெளிவந்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' என்னும் நூலில், இதனை அந்நாட்டார் வழங்கியவாறே 'செத்தி' எனப் பதிந்தார். நமது 'தெச்சி'க்கு அது எவ்வளவு கிட்டியது! அக்காலத்திலேயே ஒல்லாந்தக் கம்பனியின் வைத்தியராக இலங்கையில் இருந்த போல் ஹேர்மன், இங்குள்ள செடிகளைப் பறித்து உலர்த்திச் சேர்த்து வைத்தார். சுவீடன் அறிஞர் லினேயஸ் இலங்கை மண்ணை மிதித்ததே இல்லை. ஆயினும் அந்த உலர்ந்த செடிகளைக் கொண்டு 1747இல் இலங்கைத் தாவரங்கள் பற்றி ஒரு நூலே எழுதிவிட்டார். 1753இல் அவர் வெளியிட்ட பெருநூலில் 'எக்சோரா' என்ற இனப்பெயர் நிலைபெற்றது. ஹேர்மனின் சேகரிப்பு இன்று இலண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையில் இருக்கிறது. நம் காட்டுச் செடிகளைக் காண நாம் கடல்கடக்க வேண்டியிருக்கிறது.

கோப்பிக் குடும்பத்தைச் சேர்ந்த இவ்வினத்தில் 500இற்கு மேற்பட்ட வகைகள் உள. அவற்றுட் பெரும்பாலானவை ஆசியாவின் வெப்ப நாடுகளுக்கு உரியவை. ஆபிரிக்கா, மடகஸ்கார், பசிபிக் தீவுகள், அமெரிக்காவின் வெப்பப் பகுதிகள் எங்கும் ஏனையவை பரவியுள்ளன. நாம் முற்றத்தில் வளர்க்கும் செவ்வெட்சியின் தாயகம் தென்னிந்தியாவும் இலங்கையுமே. அது தென்னமெரிக்காவின் சுரினாம் வரை சென்று, அங்கே 'நெருப்புக் காதல்' எனப் பொருள்படும் பெயரோடு தேசியப் பூவாகிவிட்டது. ஆநிரை கவர்ந்த மறவர் சூடிய பூ அங்கே காதலுக்கு அடையாளம்!

மறுநாள் ஒரு கொத்துடன் வகுப்புக்குப் போனேன்.

"இதுவே சேர்? எங்கட கோயிலடியில எவ்வளவு நிக்குது!" என்றான் அவன்.