துருத்தியும் மிதவையும்: ஒரு பெட்ரோல் கசிவு சொன்ன வரலாறு

கல்வெட்டும் செப்பேடும் மட்டுமே வரலாற்றுச் சான்றுகள் அல்ல. ஒரு பழைய இயந்திரத்தையும் பொறுமையாகப் படித்தால் அது தன் காலத்தைச் சொல்லும். அப்படி ஒரு வாசிப்பு அண்மையில் எங்கள் வீட்டு வாசலிலேயே வாய்த்தது.

எங்கள் தந்தையார் விட்டுச் சென்ற 1968ஆம் ஆண்டு அம்பாசடர் இன்றும் எங்களிடம் உள்ளது. சில வாரங்களுக்கு முன் அதை ஓட்டி வந்து நிறுத்தியபோது பெட்ரோல் நெடி மூக்கைத் துளைத்தது. பானட்டைத் திறந்து பார்த்தோம். கார்புரேட்டரின் மிதவை அறையிலிருந்து பெட்ரோல் சொட்டிக்கொண்டிருந்தது. இந்த எஞ்சினில் கார்புரேட்டருக்குக் கீழேதான் புகைபோக்கிக் குழாய்த் தொகுதி உள்ளது. ஓடும் வண்டியில் அது கொதிக்கும். சொட்டும் பெட்ரோல் அதன்மேல் விழுந்தால் என்னவாகும் என்று விளக்க வேண்டியதில்லை. பார்வையிட்ட மெக்கானிக், "காயலான் கடைக்குக் கொடுத்துவிடுங்கள் சார்" என்றார். வீட்டிலும் அதே கருத்துத்தான். தந்தையார் கைப்பட்ட வண்டியைத் திறந்துகூடப் பாராமல் எடைக்குப் போட உடன்பிறந்தோர் எங்கள் இருவருக்கும் மனம் வரவில்லை.

அம்பாசடரின் பிறப்பு இங்கிலாந்தில். 1956இல் வெளிவந்த மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரே அதன் மூலம். 1942இல் பிர்லா குழுமம் தொடங்கிய ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், வங்காளத்தின் உத்தர்பாராவில் அதனைத் தயாரிக்கலாயிற்று. சந்தைக்கு 1957-58 வாக்கில் வந்த அம்பாசடர், 2014 மே மாதம் உற்பத்தி நிற்கும்வரை தன் முகத்தைப் பெரிதாக மாற்றிக்கொள்ளவில்லை.

எங்கள் வண்டியில் இருப்பது எஸ்.யூ. வகைக் கார்புரேட்டர். இதன் கதை சுவையானது. லண்டனில் காலணி வணிகம் செய்த ஸ்கின்னர் குடும்பத்துச் சகோதரர்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதனை உருவாக்கினர். 'ஸ்கின்னர் யூனியன்' என்பதன் சுருக்கமே எஸ்.யூ. காற்றின் தேவைக்கேற்ப எரிபொருளை அளந்து தருவதற்கு முதலில் அவர்கள் பயன்படுத்தியது தோல் துருத்தி! தோலறிந்த குடும்பத்தவர்க்கு வேறெது தோன்றும்? கொல்லன் உலைத் துருத்தியைச் சங்கப் புலவர்கள் உவமையாக ஆண்டதைப் படித்த நமக்கு, அதே துருத்தியை மோட்டார் காரின் பிறப்பிடத்தில் காண்பது வியப்பே. பின்னாளில் தோலின் இடத்தை உலோகப் பிஸ்டன் பிடித்தது. 1926இல் அந்நிறுவனத்தை மாரிஸ் கார்களின் அதிபர் வில்லியம் மாரிஸ் வாங்கினார். அவ்வழியே அது உத்தர்பாரா வழியாக எங்கள் வாசல்வரை வந்து சேர்ந்தது.

இனிப் பழுதுக்கு வருவோம். மிதவை அறை என்பது நம் வீட்டு மேல்நிலைத் தொட்டியின் சிறு வடிவம். பெட்ரோல் நிறைந்ததும் மிதவை மேலெழுந்து ஒரு ஊசி வால்வை அழுத்தி வரத்தை அடைக்கிறது. வால்வு சரியாக அடைக்காவிட்டால் பெட்ரோல் நிரம்பி வழியும்.

எஞ்சின் முழுவதும் ஆறிய பின், திறந்த வெளியில், பேட்டரியின் எதிர்முனை இணைப்பைக் கழற்றி, வாளியில் மணலும் வைத்துக்கொண்டு பணியைத் தொடங்கினோம். வாசல் விளக்கைக்கூட அன்று ஏற்றவில்லை. மூடியைக் கழற்றி மிதவையைக் காதருகே ஆட்டினோம். உள்ளே பெட்ரோல் தளும்பும் ஓசை இல்லை. எனவே மிதவை ஓட்டையில்லை. அடுத்து, மூடியைத் தலைகீழாகப் பிடித்தோம். அந்நிலையில் மிதவையின் எடையே வால்வை மூட வேண்டும். வரத்துக் குழாயைத் துடைத்துவிட்டு வாயால் ஊதினோம். காற்று தடையின்றிப் போயிற்று. குற்றவாளி அகப்பட்டான்! ஊசியின் கூர்ப்பகுதியில் பல்லாண்டுத் தேய்மானம் ஒரு வளையமாகப் பதிந்திருந்தது. ஊசியை மட்டும் மாற்றிப் பயனில்லை. அது அமரும் இருக்கையையும் சேர்த்தே மாற்றினோம்.

இரண்டாவது குற்றவாளி ரப்பர் ஹோஸ். வளைத்தபோது அதில் மெல்லிய வெடிப்புகள் தெரிந்தன. இதற்குப் பின்னாலும் வரலாறு உண்டு. இந்தியாவில் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2022இல் பத்து விழுக்காட்டையும், 2025இல் இருபது விழுக்காட்டையும் எட்டியது. 1960களின் ரப்பர் அதற்கென உருவானதன்று. எத்தனாலைத் தாங்கும் புதிய ஹோஸையும் கிளாம்பையும் பொருத்தினோம். எஞ்சினை இயக்கி நெடுநேரம் உற்றுப் பார்த்தோம். ஒரு சொட்டும் இல்லை.

தந்தையார் தலைமுறைக்கு இவையெல்லாம் கைப்பாடம். அதற்குக் காரணம் ஆர்வம் மட்டுமன்று. 1950களின் நடுப்பகுதிக்குள் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் இந்தியாவில் கார் பூட்டுவதை நிறுத்திவிட்டன. உரிமக் கட்டுப்பாடுகளுக்கு நடுவே அம்பாசடர், ஃபியட், சென்னைப் புறநகரில் உருவான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என மூன்றே பெயர்கள்தாம் பெரும்பாலும் சாலைகளில் ஓடின. காத்திருந்து வாங்கிய காரை எளிதில் மாற்ற இயலாது. ஆகவே பழுதுபார்க்கக் கற்றனர். பெட்ரோல் டாங்கின் கசிவில் சலவைச் சோப்பை அப்பி ஊர் போய்ச் சேர்ந்தவர்களை நாமும் அறிவோம். அது வழிப்போக்கனின் தற்காலிக உபாயம். எஞ்சின் அறைக்கு ஒருபோதும் ஆகாது.

1983 டிசம்பரில் மாருதி வந்தது. பின்னர் மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் கடுமையாகிப் புதிய கார்களில் கார்புரேட்டர் மறைந்து எரிபொருள் உட்செலுத்தும் முறை வந்தது. காற்றுக்கு அது நன்மையே, மறுப்பதற்கில்லை. ஆனால் கார்புரேட்டரோடு, ஊதிப் பார்த்தும் காதில் ஆட்டியும் பழுதறியும் அறிவும் விடைபெற்றுக்கொண்டிருக்கிறது.

மூடியைத் திரும்பப் பூட்டும்போது ஒன்றைக் கண்டோம். அதன் திருகாணி ஒன்று மற்றவற்றைப் போன்றதன்று. எங்கோ தேடி, அரத்தால் தேய்த்து, அளவுக்குக் கொண்டுவந்தது. தந்தையாரும் என்றோ ஒரு நாள் இதே மூடியைத் திறந்திருக்கிறார். அந்தத் திருகாணியை நாங்கள் மாற்றவில்லை. வண்டியையும் விற்கவில்லை.