கஞ்சுகம் தைத்த கதை

தொண்டை நாட்டுப் புலியூர்க் கோட்டத்துக் குன்றத்தூரில் பிறந்து, இரண்டாம் குலோத்துங்க சோழனின் (1133 - 1150) அமைச்சராக விளங்கிய சேக்கிழார் பெருமான், துணியை நன்கு அறிந்தவர். பழையாறை வணிகரான அமர்நீதியார் ஒரு கோவணத்துக்கு ஈடாகத் தம் செல்வம் முழுவதையும், அதுவும் போதாமல் மனைவி மைந்தரோடு தம்மையும் தராசுத் தட்டில் ஏற்றுகிறார். காஞ்சி வண்ணாரான திருக்குறிப்புத் தொண்டர், துவைத்த கந்தை மழையில் உலரவில்லையே என்று துவைகல்லில் தலையை மோதிக்கொள்ளத் துணிகிறார். காம்பீலி நகரத்து நேசர் அடியார்க்கு உடையும் கீளும் கோவணமும் நெய்தளிக்கிறார். விற்பவர் இருக்கிறார், வெளுப்பவர் இருக்கிறார், நெய்பவர் இருக்கிறார். தைப்பவர் எங்கே? அறுபத்து மூவரில் தையற்காரர் ஒருவரும் இல்லையே!

இந்தக் கேள்வி நம்மை உறுத்தியதற்குக் காரணம் உண்டு. சேக்கிழாரின் இதே குன்றத்தூரில் நண்பர்கள் சிலர் கூடிப் பழங்கால உடைகளைக் கையால் தைத்துப் பார்ப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டிருக்கிறோம். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இது பரவலான பழக்கம். நூறு, இருநூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட கவுன்களையும் கோட்டுகளையும் அக்காலத்து முறைப்படியே வெட்டித் தைத்து உடுத்தி மகிழ்கிறார்கள். இங்கே இதைச் சொன்னால் கிடைக்கும் முதல் மறுமொழி, "தமிழனுக்கு ஏது தைத்த உடை? ஊசியே சுல்தான்களோடு வந்ததுதானே?" என்பதாகும். இதைப் படித்தவர்களே சொல்லக் கேட்டிருக்கிறோம்.

உண்மை அதுவன்று. கீழடி அகழாய்வு குறித்துத் தமிழகத் தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட அறிக்கை, தக்களிகளோடு செப்பு ஊசியையும் குறிப்பிடுகிறது. சிலப்பதிகாரத்தில் புகாரின் மருவூர்ப்பாக்கத்தில் துணி தைக்கும் துன்னகாரரும் தோல் தைக்கும் துன்னரும் தனித்தனியே பேசப்படுகின்றனர். 'துன்னம்' என்றால் தையல். முல்லைப்பாட்டில் பாசறையைக் காக்கும் யவனர் 'மெய்ப்பை' அணிந்திருக்கின்றனர். மெய்யை உள்ளே இடும் பை! சட்டைக்கு இதைவிடப் பொருத்தமான பெயரை நம்மால் எண்ணிப்பார்க்க முடியவில்லை. சேரன் செங்குட்டுவனைக் காண வரும் தூதுவர் கூட்டத்தில் கஞ்சுகம் அணிந்த தலைவர்கள் ஆயிரவர். சீவக சிந்தாமணியில் 'குப்பாயம்' அணிந்தவனாக ஒரு மிலேச்சன் வருகிறான்.

இச்சான்றுகளை அடுக்கி வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். தைத்த உடை அணிவோர் பெரும்பாலும் காவலர், ஏவலர், தூதர், அயலார். மற்றொரு புறம் வறியோர். பொருநராற்றுப்படையின் பொருநன், வேற்று இழை நுழைந்து தையலோடிய கந்தலில் வந்து நிற்கிறான். கரிகாலன் அதை நீக்கிப் பாம்பின் சட்டை போன்ற மெல்லிய ஆடையைக் கொடுக்கிறான். ஊசி பட்டது வறுமை. ஊசி படாதது செல்வம். ஆக, தமிழருக்கு ஊசி தெரியாமலில்லை. நெய்தபடியே உடுத்தும் ஆடைக்குத்தான் இங்கே மதிப்பு இருந்தது. அடியார் உலகில் தையற்காரருக்கு வேலை இல்லாமற் போனதும் இதனால்தான் என்பது நம் எண்ணம். ஆனாலும் திருக்குறிப்புத் தொண்டரிடம் இறைவன் கொண்டுவந்தது கந்தையாயிற்றே! ஒட்டுப் போட்டுத் தைத்த துணிக்கு வழங்கிய 'கந்தா' என்ற வடசொல்லோடு உறவுடைய சொல் அது. வங்காளத்துக் காந்தாத் தையலும் அவ்வழி வந்ததே.

குன்றத்தூரில் இன்றும் பட்டு நெசவு உண்டு. எங்கள் முயற்சியை அறிந்த நெசவாளப் பெரியவர் ஒருவர் முகம் சுளித்தார். "கத்திரி போடவா தம்பி இதெல்லாம் நெய்யிறோம்?" என்றார். பல தலைமுறைகளின் மதிப்பீடு அந்த ஒரு வினாவில் இருந்தது. அப்போது வாய்மூடி நின்றோம். பிறகுதான் ஒரு வேடிக்கை எங்களுக்குத் தோன்றியது. அறுப்பதால் 'அறுவை', துணிப்பதால் 'துணி', துண்டாவதால் 'துண்டு', கூறிடுவதால் 'கூறை'! தறியிலிருந்து அறுத்து இறக்கும் அந்த ஒரு வெட்டு, ஆடையின் பெயர்களில் எல்லாம் நிலைத்துவிட்டது. பெரியவர் ஏற்றது அந்த வெட்டை மட்டுந்தான். அதற்கு மேல் ஒரு வெட்டும் ஆகாது.

நாங்கள் முதலில் தைக்க எடுத்துக்கொண்டது விஜயநகர அரசவையின் 'கபாய்'. அரபு மொழியின் 'கபா' என்ற சொல்லிலிருந்து வந்த பெயர். முழுக்கை வைத்த நீண்ட அங்கி. லேபாக்ஷி வீரபத்திரர் கோயிலின் விதான ஓவியங்களில் விருபண்ணா, வீரண்ணா சகோதரர்களோடு நிற்கும் பிரபுக்கள் வெண்ணிறக் கபாயும் உயர்ந்த கூம்புக் குல்லாயும் அணிந்திருப்பதைக் காணலாம். அச்சுதராயர் (1529 - 1542) காலத்தை ஒட்டிய ஓவியங்கள் அவை. அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, கிருஷ்ணதேவராயரை நேரில் கண்ட போர்ச்சுகீசியர் டொமிங்கோ பயஸ், பொன்னிழை ரோஜாப் பூக்கள் நிறைந்த வெள்ளாடையையும் சரிகைத் தொப்பியையும் வியந்து எழுதினார். அதே இராயர் திருமலைக் கோயிலில் தேவியரோடு கைகூப்பி நிற்கும் செப்புத் திருமேனியில் சட்டை இல்லை. குல்லாய் மட்டும் இருக்கிறது! பிலிப் வாகனர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1996இல் எழுதிய கட்டுரையில் இதை அழகாக விளக்குகிறார். கபாயும் குல்லாயும் அன்றைய பன்னாட்டு அரசவைகளின் பொது உடை. அதை அணிந்ததால் இராயர் தம் சமயத்தையோ மரபையோ விட்டுவிடவில்லை. அவைக்கு ஒன்று, ஆலயத்துக்கு ஒன்று.

படித்தபோது இது வெறும் செய்தியாகத்தான் இருந்தது. தைத்தபோதுதான் பொருள் விளங்கிற்று. லேபாக்ஷி ஓவியன் தையற்கோட்டை வரையவில்லை. எனவே வெட்டும் முறையைப் பழைய வடநாட்டுக் குர்தாக்களிலிருந்து எடுத்தோம். தோளில் மடித்த ஒரே நீளத்துண்டு முன்னும் பின்னும் தொங்கும். கைகள் இரண்டும் நேர்ச் சதுரத் துண்டுகள். பக்கங்களில் கீழே அகலும் முக்கோணத் துண்டுகள். ஒரு செவ்வகத்தைக் குறுக்கே வெட்டினால் இரண்டு கிடைத்துவிடும். அக்குளில் உள்ளங்கை அளவு ஒரு சதுரம். வளைவான வெட்டு, கழுத்தைத் தவிர வேறெங்கும் இல்லை. முடித்தபின் மீந்த துணியை அள்ளினால் ஒரு பிடிகூட வரவில்லை! நெசவாளி கைவீசி நாடா எறியும் எல்லையே துணியின் அகலம். அந்த அகலத்தை ஒரு விரற்கடையும் வீணாக்காமல் வகுத்ததுதான் பழைய தையற்கலை. இன்றைய சட்டையை வெட்டினால் விழும் கழிவை எண்ணிப் பாருங்கள்.

அக்குள் சதுரத்தைப் பொருத்துவதற்குள் எங்களுக்கு மூன்று மாலைகள் கழிந்தன. ஓட்டுத்தையலில் கூட்டி, மடிப்பை உள்ளே திருப்பி, மீண்டும் கெட்டித்தையல் இடவேண்டும். ஐசக் சிங்கர் 1851இல் தம் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெறும் முன்னர், உலகின் சட்டைகள் பெரும்பாலும் இப்படிக் கையால்தான் உருவாயின. முடிந்ததை எங்களில் ஒருவர் அணிந்து கையை மேலே தூக்கியபோது உடம்புப் பகுதி கூடவே எழும்பவில்லை. அந்தச் சிறு சதுரத்தின் வேலை அது. குதிரையேறி வாள் வீசுபவனுக்காகக் கண்ட வெட்டு என்பது அக்கணமே தோளில் தெரிந்தது. எந்த நூலும் எங்களுக்குத் தராத மகிழ்ச்சி அது. அன்று இரவு வெகுநேரம் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

மேலைநாட்டார் தைத்து மகிழும் பதினெட்டாம் நூற்றாண்டு உடைகளிலும் நமக்குப் பங்குண்டு. சோழமண்டலக் கரையில் சாயம் தீட்டிய சீட்டித் துணிகளுக்கு அங்கே அத்தனை மோகம். பிரான்சு 1686 முதல் 1759 வரை அவற்றைத் தடைசெய்தது. இங்கிலாந்து 1721இல் உடுத்துவதற்கே தடைச்சட்டம் கொண்டுவந்தது. அத்துணியில் தைத்த ஆடவர் வீட்டு அங்கியின் பெயர் 'பனியன்'. குஜராத்தி வணிகரைக் குறித்த சொல்லிலிருந்து பிறந்தது. பிரபுக்களின் அங்கிக்கு வழங்கிய பெயர், இன்று திருப்பூரில் உள்சட்டையின் பெயராகத் தங்கிவிட்டது.

ஆனால் தையல் எல்லா இடத்திலும் இன்பக்கதை அன்று. தென் திருவிதாங்கூரில், இன்றைய குமரி மாவட்டத்தில், நாடார் பெண்கள் தோளில் சீலை இடும் உரிமைக்காகப் பல ஆண்டுகள் அடிபட்டனர். 1829ஆம் ஆண்டு அரசாணை கிறித்தவ நாடார் பெண்களுக்குக் குப்பாயத்தை அனுமதித்தது. மேல்சாதிப் பெண்களைப் போலத் தோள்சீலை இடுவதைத் தடுத்தது. கூர்ந்து நோக்குங்கள்: தைத்த சட்டைக்கு அனுமதி, தைக்காத சீலைக்குத் தடை! உடம்பை மறைப்பது மட்டுமே வழக்கு என்றால் சட்டையோடு முடிந்திருக்கும். பொருநனின் கந்தலையும் கரிகாலனின் அறுவையையும் பிரித்த அதே கோடு இங்கே சாதிக்கோடாகக் குறுக்கே கிடந்தது. சந்தைகளில் சீலைகள் கிழிக்கப்பட்டன. வீடுகளும் தேவாலயங்களும் தீக்கிரையாயின. சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவெல்யன் நெருக்கிய பிறகே, 1859 ஜூலை 26இல் எல்லா நாடார் பெண்களும் மேலுடம்பை மறைக்கலாம் என்ற ஆணை வந்தது. அதிலும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக்கூடாது என்ற நிபந்தனை இருந்தது.

இப்போது எங்கள் கையில் இருப்பது பாட்டிமார் அணிந்த முடிச்சு ரவிக்கை. கொக்கி இல்லை, பொத்தான் இல்லை. முன்னிரு முனைகளையும் மார்புக்குக் கீழே முடிந்துகொள்வது. அக்குளில் அதே சதுரத் துண்டு! மெலிந்தாலும் பருத்தாலும், சூல் கொண்டாலும், குழந்தைக்குப் பாலூட்டினாலும் முடிச்சை நகர்த்தினால் போதும். பிரித்துத் தைக்க வேண்டியதில்லை. அளவுக்காக நண்பரின் பாட்டியார் தம் பழைய ரவிக்கை ஒன்றைத் தந்திருக்கிறார். தோளில் இரண்டு ஒட்டுகள், வெவ்வேறு நிற நூலில். அவற்றையும் அப்படியே தைப்பதா, விட்டுவிடுவதா என்று எங்களுக்குள் இன்னும் முடிவாகவில்லை.